கொட்டகையில் கிடக்கும் பழைய சாமான்: எது செம்பு, எது பித்தளை, எதைத் தனியாகப் பிரிப்பது?

சிப்புட்_பையன் (சுங்கை சிப்புட், மலேசியா)

எல்லாருக்கும் வணக்கம். தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வந்தபோது அப்பா கூடவே ஒரு லோரி நிறையப் பழைய சாமானையும் கொண்டுவந்தார். அத்தனையும் வீட்டுக்குப் பின்னால் கொட்டகையில் அப்படியே கிடக்கிறது. இப்போது அந்த இடத்தில் சமையலறையை நீட்டிக் கட்டப்போகிறோம். காலி செய்தாக வேண்டும்.

தெருவில் ஒலிபெருக்கி வைத்துக்கொண்டு வரும் பழைய இரும்பு லோரிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒரு சுற்று பார்த்துவிட்டு, "எல்லாம் இரும்பு விலைதான் தம்பி, நானே ஏற்றிக்கொள்கிறேன்" என்றார். சரி என்று சொல்ல மனம் வரவில்லை.

இருப்பவை இவை: ரப்பர் ஷீட் போடும் கை மெஷின் ஒன்று, ரப்பர் பால் உறையவைக்கும் அலுமினியத் தட்டுகள், வாளிகள், தோட்டத்துப் பட்டறையை மூடியபோது அப்பா ஏலத்தில் எடுத்த வால்வுகள், மஞ்சளாக வளையம் போன்ற சாமான்கள், மோட்டார்கள், பெரிய வயர் சுருள், லோரி பேட்டரி, செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை அறுக்கும் கம்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, கூரைத் தகரம், மூடி போட்ட இரண்டு ட்ரம்.

எதை எதோடு சேர்க்கலாம்? பெரிய கருவி எதுவும் என்னிடம் இல்லை.

ஆயில்மில்_ஃபிட்டர் (தெலுக் இந்தான்)

பெரிய கருவி தேவையில்லை தம்பி. ஒரு காந்தம், ஒரு அரம், கிரைண்டர் இருந்தால் நல்லது. கடையில் காந்தம் வாங்க வேண்டாம். பழுதான ஸ்பீக்கர் ஒன்றை உடைத்தால் பின்பக்கம் வட்டமாக ஒன்று இருக்கும், அது போதும்.

முதல் வேலை காந்தம். ஒட்டினால் இரும்பு, எஃகு, வார்ப்பிரும்பு. ஒட்டாவிட்டால் செம்பு, பித்தளை, வெண்கலம், அலுமினியம், காரீயம், துத்தநாகம், நல்ல ஸ்டெயின்லெஸ் இவற்றில் ஏதோ ஒன்று. ஆனால் ஒரே இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள். ஒரு வால்வை எடுத்துக்கொண்டால் உடம்பு பித்தளையாக இருக்கும், சுற்றுகிற கைப்பிடி வார்ப்பிரும்பு, நடுத்தண்டு வேறொன்று. கைப்பிடியில் காந்தம் ஒட்டியது என்று முழு வால்வையும் இரும்பில் போட்டுவிடுவார்கள். தலைகீழாகவும் நடக்கும். மின்சாரத்துக்கு எர்த் அடிக்கும் கம்பி வெளியே பளபளவென்று செம்பு, உள்ளே எஃகு. காந்தம் ஒட்டினால் அது செம்புக் குவியலுக்கு ஆகாது.

இரண்டாவது கை. ஒரு லிட்டர் அளவுள்ள கட்டி அலுமினியமாக இருந்தால் 2.7 கிலோ, இரும்பு ஏறக்குறைய 7.8, செம்பு 9, காரீயம் 11.3. கொஞ்ச நாள் தூக்கிப் பழகினால் கை தானாகவே சொல்லிவிடும்.

மூன்றாவது அரம். மேல் பூச்சை நம்பவே நம்பாதீர்கள். மூலையில் இரண்டு இழு இழுத்து உள்நிறத்தைப் பாருங்கள்.

இரும்பு வகைகளுக்குள் சந்தேகம் வந்தால் கிரைண்டரில் லேசாகத் தொட்டு தீப்பொறியைப் பாருங்கள். சாதா எஃகு நீளமான வெளிர்மஞ்சள் கீற்றுகளாகத் தெறிக்கும். வார்ப்பிரும்புக்குப் பொறி குட்டையாக, மங்கிய சிவப்பாக, கல்லுக்குப் பக்கத்திலேயே அவிந்துவிடும். ஸ்டெயின்லெஸ்ஸில் பொறி குறைவு. செம்பு, பித்தளை, அலுமினியத்தில் பொறியே வராது. அவற்றைக் கல்லில் வைக்கவும் வேண்டாம், கல்லின் கண் அடைந்துபோகும். கண்ணாடி போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

பீடோர்_லோரி (பீடோர்)

அந்த லோரிக்காரரைத் திட்டாதீர்கள், நானும் அதே தொழில்தான். கலந்து கிடக்கும் குவியலைப் பார்த்தால் உள்ளே என்ன எவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாத சாமானுக்கு அடிமட்ட விலைதான் வாயில் வரும். பிரிக்கிற கூலியும் என் தலையில். ஒட்டுப்பால் (உறைந்த ரப்பர்) மூட்டையில் மரப்பட்டையும் கல்லும் கலந்திருந்தால் எடைபோடுகிறவர் எந்த விலை எழுதுவார்? அதே கதைதான்.

இரும்பிலேயே கடையில் மூன்று குவியல் இருக்கும். கால் அங்குலத்துக்கு மேல் தடித்தது கனம்: கர்டர், தண்டவாளம், டிராக்டர் சாமான். தகரம், அலமாரி, சைக்கிள் எல்லாம் மெல்லிசு. வார்ப்பு தனி. எங்களிடமிருந்து போகும் கன இரும்பு பினாங்கின் பிறை பக்கத்து எஃகு ஆலைகளில் மின் உலையில் உருகுகிறது. அங்கே ஐந்தடிக்கு மேல் நீளமாக இருந்தால் வெட்டித்தான் வாங்குவார்கள். அதனால் நீளமான குழாய்களை நீங்களே வெட்டிக் கொண்டுவந்தால் பேசும்போது உங்கள் கை ஓங்கும். கூரைத் தகரம் துத்தநாகம் பூசியது, மெல்லிசிலும் மெல்லிசு. இடத்தைத்தான் அடைக்கும். அதில் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

ஷீட் மெஷினை மட்டும் இரும்பில் போட்டுவிடாதீர்கள்! வடக்கே பாலிங், சிக் பக்கம் இன்னும் சொந்தமாக ரப்பர் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஹோம்ஸ்டே நடத்துபவர்களும் வாசலில் வைக்கத் தேடுகிறார்கள். உருளை வெடிக்காமல் சுற்றுகிறது என்றால் மெஷினாகவே விற்றுவிடுங்கள்.

லூனாஸ்காரன் (லூனாஸ்)

பிரித்து, அரத்தால் தேய்த்து, எடைபோட்டு... கடைசியில் ஒரு ரொட்டி சானாய் செலவுக்குத்தான் மிஞ்சும் லா. 😄

பீடோர்_லோரி

இரும்பு மட்டும் இருந்தால் நீங்கள் சொல்வது சரி. ஒரு வாளி பித்தளை இருந்தால் கணக்கே வேறு.

சிப்புட்_பையன்

காந்தம் வைத்துப் பார்த்தேன். ஒட்டாத சாமான் நினைத்ததைவிட நிறைய இருக்கிறது. இரண்டு சந்தேகம்.

வளையங்கள் கட்டைவிரல் தடிப்பு, உள்ளே எண்ணெய்க் கறுப்பு. தேய்த்தால் மஞ்சள் இல்லை, கொஞ்சம் சிவப்பு கலந்த நிறம். இது பித்தளையா, செம்பா?

குழாய்த் தலைகள் (தண்ணீர் பைப்) ஒரு பை இருக்கிறது. எல்லாமே வெள்ளிபோல் மின்னுகின்றன. காந்தம் ஒட்டவில்லை. ஆனால் சிலது கனம், சிலது கனமில்லை.

ஆயில்மில்_ஃபிட்டர்

வளையங்கள் புஷ். ஆலையில் தண்டு சுழலும் இடத்தில் போடுவோம். செம்போடு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம் அது, பித்தளை அல்ல. பித்தளை என்றால் செம்போடு துத்தநாகம். புதிதாகத் தேய்த்த பித்தளை எலுமிச்சை மஞ்சள், வெண்கலம் பழுப்புச் சிவப்பு, செம்பு ரோஜாச் சிவப்பு. மூன்றையும் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழல்விளக்கின் கீழ் எல்லாம் ஒரே மஞ்சளாகத் தெரியும். வெண்கலத்துக்குப் பித்தளையைவிட நல்ல விலை உண்டு. சேர்த்துக் கொடுத்தால் பித்தளை விலையோடு போய்விடும். பழைய நீராவி வால்வுகளின் உடம்பும் பல நேரம் வெண்கல வகைதான். அதையும் தேய்த்துப் பாருங்கள்.

புஷ் உள்ளே சாம்பல் நிறமாக மெத்தென்று ஒரு பூச்சு இருந்தால், நகத்தால் கீறினாலே தடம் விழுந்தால், அது காரீயம் அல்லது வெள்ளீயக் கலவை. அதைத் தனியாக எடுத்து வையுங்கள்.

குழாய்த் தலை விஷயம் இப்படி. மேலே இருப்பது குரோமியப் பூச்சு. திருகுமரை பக்கம், அதாவது சுவருக்குள் போகும் பக்கம், பூச்சு மெல்லிசாக இருக்கும். அங்கே அரத்தால் ஒரு இழு. மஞ்சள் வந்தால் பித்தளை. சாம்பல் வெள்ளை வந்து ஓரளவு கனமாகவும் இருந்தால் துத்தநாக வார்ப்பு. இப்போது மலிவாக வரும் குழாய் பலவும் இதுதான். கதவுக் கைப்பிடி, பழைய கார்புரேட்டர் எல்லாம் பெரும்பாலும் இந்த வகை. இதை அலுமினியம் என்று நினைத்துக் கலந்துவிடுகிறார்கள். அலுமினியத்தைப் போல் இரண்டரை மடங்கு கனம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இறகுபோல் லேசாக இருந்தால் வெறும் பிளாஸ்டிக்கின் மேல் பூச்சு, குப்பைக்குப் போகட்டும்.

பித்தளைத் தலைக்குள் இரும்புத் திருகு, ரப்பர் வளையம் இருக்கும். ஸ்பேனரால் கழற்றினால் நிமிட வேலை. கழற்றாமல் கொண்டுபோனால் அழுக்குப் பித்தளை என்று குறைப்பார்கள்.

கண்ணாடி_வளையல் (ஈப்போ)

சாமான்களுக்குள் குத்துவிளக்கு, சொம்பு, அண்டா ஏதாவது இருந்தால் தயவுசெய்து கிலோ கணக்கில் போட்டுவிடாதீர்கள் தம்பி. தோட்டத்துக் குடும்பங்கள் ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பித்தளைப் பாத்திரத்தைத் தேடி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். புளிபோட்டு ஒருமுறை தேய்த்துப் படம் எடுத்துப் போட்டால் போதும். எங்கள் பக்கம் ஒரு பாட்டி அன்னப்பட்சி வைத்த விளக்கை எடைக்குப் போட்டுவிட்டு, அதே விளக்கு பழம்பொருள் கடைக் கண்ணாடிக்குள் நிற்பதைப் பார்த்துத் திட்டித் தீர்த்தார்.

லூனாஸ்காரன்

வயர் சுருளுக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. சுலபமான வழி: பின்னால் கொண்டுபோய்க் கொளுத்துங்கள். பத்து நிமிடத்தில் செம்பு மட்டும் மிஞ்சும். எங்கள் ஊரில் எல்லாரும் இப்படித்தான்.

பழைய_கிராணி (கோலகங்சார்)

எல்லாரும் செய்தால் சரியாகிவிடுமா? வயரின் மேலுறை பிவிசி. எரித்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை கிளம்பும், டையாக்சின் சேரும். அது உடம்பில் தங்குகிற நஞ்சு. தாமானில் பக்கத்து வீட்டுக் குழந்தை அதைத்தான் சுவாசிக்கும். சட்டமும் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம், பிரிவு 29ஏ, திறந்தவெளியில் எரிப்பதைத் தடை செய்கிறது. தண்டம் லட்சக்கணக்கில் போகக்கூடியது.

பீடோர்_லோரி

சட்டத்தை விடுங்கள், காசுக் கணக்கிலும் நஷ்டம்தான். எரித்த செம்பு கறுத்து, மேலே கரி ஒட்டி, தொட்டால் உதிரும். முதல் தரத்தில் அதை யாரும் எடுப்பதில்லை. எரித்ததா உரித்ததா என்று பார்த்தவுடன் தெரியும். இன்னொரு சங்கதி, எரித்த செம்பைக் கொண்டுவந்தால் 'எங்கே எடுத்தாய்?' என்ற கேள்வி முதலில் வரும். தொலைபேசிக் கம்பி திருடுகிறவர்கள் மேலுறையில் உள்ள அச்சை மறைக்க எரிப்பது வழக்கம். தேவையில்லாத சந்தேகம் உங்கள் மேல் விழும்.

லூனாஸ்காரன்

சரி சரி, கொளுத்தவில்லை. அப்போ உட்கார்ந்து பிளேடால் உரிக்கச் சொல்கிறீர்களா?

ஆயில்மில்_ஃபிட்டர்

எல்லாவற்றையும் உரிக்கக் கூடாது. அதற்குத்தான் கணக்கு. சுருளிலிருந்து ஒரு சாண் துண்டை வெட்டி, சமையலறைத் தராசில் நிறுங்கள். பிறகு உரித்து, செம்பை மட்டும் நிறுங்கள். உதாரணத்துக்குத் துண்டு 200 கிராம், செம்பு 120 கிராம் என்றால் அந்த வயரில் அறுபது விழுக்காடு செம்பு. இப்போது கடையில் இரண்டு விலை கேளுங்கள்: உரித்த செம்புக்கு என்ன, உரிக்காத வயருக்கு என்ன. செம்பு விலையில் அறுபது விழுக்காட்டுக்குப் பக்கத்திலேயே உரிக்காத வயருக்கும் கொடுத்தால் அப்படியே போட்டுவிடுங்கள், உங்கள் முதுகாவது பிழைக்கும். நாற்பதுதான் கொடுக்கிறார்கள் என்றால் உட்கார்ந்து உரிக்கலாம்.

தடித்த ஒற்றைக் கம்பி வயர் உரிக்கச் சுகம். மத்தியான வெயிலில் சிமெண்டுத் தரையில் போட்டுவையுங்கள். மேலுறை இளகும். ஒரு முனையை ஆணியில் மாட்டி, கத்தியை உடம்புக்கு எதிர்ப்பக்கமாக நீளவாக்கில் ஓட்டினால் வாழைமட்டை மாதிரி பிளந்து கழன்றுவிடும். சார்ஜர் வயர், தொலைபேசி வயர் எல்லாம் பிளாஸ்டிக்தான் அதிகம், உரிக்கவே வேண்டாம்.

உரிக்கும் முன் முனையை வெட்டி நடுப்பாகத்தைப் பாருங்கள். விளிம்பு சிவப்பு, நடு வெள்ளை என்றால் அலுமினியத்தின் மேல் செம்பு முலாம் பூசிய வயர். மலிவு ஸ்பீக்கர் வயரிலும் சில நெட்வொர்க் வயரிலும் இருக்கிறது. கையில் எடுத்தாலே செம்புக்கு உரிய கனம் இருக்காது.

செம்பிலும் தரம் உண்டு. உலகச் சந்தையில் முதல் இடம் உரித்துப் பளபளக்கும், முலாம் பூசாத கம்பிக்கு. அது ஏறக்குறைய 1.3 மில்லிமீட்டருக்குக் குறையாத தடிப்பில் இருக்க வேண்டும். அடுத்தது சுத்தமான குழாய், பஸ்பார் (மின் பலகையில் வரும் செம்புப் பட்டை). மோட்டார் சுருளில் எடுக்கும் அரக்கு பூசிய கம்பி, ஈயம் வைத்துப் பற்றவைத்த துண்டு, முலாம் பூசியது எல்லாம் இரண்டாம் தரம். குழாயில் பற்றவைத்த இணைப்பை மட்டும் வாளால் அறுத்துத் தனியாகப் போட்டால் மீதிக் குழாய் முழுவதும் மேல் தரத்துக்குப் போகும். இதை மட்டும் சோம்பல்படாமல் செய்யுங்கள்.

சிப்புட்_பையன்

சூப்பர் அண்ணே. என்னுடையது தடித்த வயர்தான், வெட்டிப் பார்த்தேன், முழுக்கச் சிவப்பு. மோட்டார்களை என்ன செய்வது? உடைத்துச் செம்பை எடுக்கலாமா?

பீடோர்_லோரி

மோட்டாரை மோட்டாராகவே விற்றுவிடுங்கள், கடையில் அதற்குத் தனி விலை உண்டு. உடைப்பதற்கு ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை போகும். உள்ளே சுருள் செம்பா என்பதற்கும் உத்தரவாதமில்லை. புது விசிறி, சில தண்ணீர்ப் பம்பில் அலுமினியக் கம்பிக்குச் சிவப்பு அரக்கு பூசி வைத்திருக்கிறார்கள். கீறினால் வெள்ளை. குளிர்பெட்டி கம்ப்ரசர், ஏர்கோன் இரண்டிலும் கை வைக்க வேண்டாம். வாயு உள்ளே இருக்கும், அறுத்தால் காற்றில் போகும், கையும் பொசுங்கும்.

பழைய_கிராணி

விலை கேட்டு அலைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. செம்பு, அலுமினியம், காரீயம், துத்தநாகம் இவற்றின் விலை லண்டன் உலோகச் சந்தையில் அமெரிக்க டாலரில் நிர்ணயமாகிறது. 1877-இல் தொடங்கிய சந்தை. அங்கே இன்றும் மூன்று மாதத் தவணை ஒப்பந்தம்தான் முக்கியம். அந்த மூன்று மாதம் எங்கிருந்து வந்தது தெரியுமா? சிலியிலிருந்து செம்பும் மலாயாவிலிருந்து வெள்ளீயமும் கப்பலில் லண்டன் போய்ச்சேர எடுத்த காலம். நம் பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் தோண்டியெடுத்த வெள்ளீயம் உலகச் சந்தையின் நாள்காட்டியையே வகுத்திருக்கிறது. அங்கே டாலர் ஏறினாலும் இங்கே ரிங்கிட்டின் மதிப்பு அசைந்தாலும் தவுக்கேயின் (கடை முதலாளியின்) பலகையில் எழுதிய எண் மாறும். நேற்றைய விலையைப் பிடித்துக்கொண்டு சண்டை போட முடியாது.

அதைவிட முக்கியம் காகிதம். தம்பி, ஏலத்தில் எடுத்தது என்றீர்களே, ரசீது இருக்கிறதா? பட்டறைச் சாமான், வால்வு, பெரிய வயர் என்றால் கடையில் கேள்வி வரும். வரவும் வேண்டும். 1946-ஆம் ஆண்டின் பழைய பொருள் வணிகர் சட்டப்படி பழைய இரும்புக் கடைக்கு லைசென்ஸ் தேவை. யாரிடமிருந்து என்ன வாங்கினோம் என்று புத்தகத்தில் எழுதி வைக்க வேண்டும். அடையாள அட்டை கேட்டால் கோபப்படாதீர்கள், கேட்காத கடையைத்தான் சந்தேகப்பட வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் தண்டனைச் சட்டம் பிரிவு 411.

சிப்புட்_பையன்

தோட்ட ஆபீஸ் முத்திரை போட்ட ரசீது அப்பாவின் ஃபைலில் இருக்கிறது ஐயா. கொஞ்சம் மங்கியிருக்கிறது.

பழைய_கிராணி

மங்கினாலும் எண்ணும் முத்திரையும் தெரிந்தால் போதும். நகல் எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அசலைக் கொடுத்துவிடாதீர்கள். லயத்து வீட்டில் கழற்றிய கூரை, தண்ணீர்க் குழாய், மீட்டர் இவற்றுக்கு யாராவது 'தோட்டம்தான் மூடிவிட்டதே' என்று சொன்னால் நம்ப வேண்டாம். தோட்டம் மூடினாலும் அந்த நிலத்துக்கும் சாமானுக்கும் சொந்தக்காரர் இருக்கிறார். தோட்டத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் என்பதற்காகக் கழிவிரும்பு நமக்குச் சேர்ந்துவிடாது. வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் நிலைமை அது.

லூனாஸ்காரன்

இதில் எனக்கு உடன்பாடில்லை ஐயா. கம்பெனி விட்டுவிட்டுப் போன தகரம் துருப்பிடித்து மண்ணாகிறது. எடுத்தால் திருட்டு, கிடந்தால் குப்பை. இது என்ன நியாயம்?

பழைய_கிராணி

நியாயத்தை நான் எழுதவில்லை தம்பி. நிர்வாகத்திடம் ஒரு கடிதம் கேளுங்கள். பல இடங்களில் இடத்தைக் காலி செய்து தந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டுத் தருகிறார்கள். கேட்காமல் எடுப்பதுதான் வம்பு.

நடத்துநர்

இந்த விவாதம் தொடரட்டும், ஆனால் தோட்ட நில உரிமை பற்றித் தனி இழை திறந்துகொள்ளுங்கள். கடைப் பெயர், தொலைபேசி எண், இன்றைய கிலோ விலை மூன்றையும் இங்கே போடாதீர்கள்.

கண்ணாடி_வளையல்

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு வருவோம். எங்கள் வீட்டுத் தொட்டியில் காந்தம் தட்டையான இடத்தில் ஒட்டவில்லை, வளைந்த மூலையில் மட்டும் லேசாகப் பிடித்தது. கடைக்காரர் அதைக் காட்டி 'இது இரும்பு கலந்தது' என்று விலையைக் குறைத்துவிட்டார். உண்மையா?

ஆயில்மில்_ஃபிட்டர்

அக்கா, அவர் உங்களை ஏய்த்துவிட்டார். தொட்டி பெரும்பாலும் 304 என்ற ரகம், அதில் 18 விழுக்காடு குரோமியம், 8 விழுக்காடு நிக்கல். இந்த ரகம் தகடாக இருக்கும்போது காந்தத்தைப் பிடிக்காது. அழுத்தி வளைக்கும் இடத்தில் உள்ளமைப்பு மாறி லேசாகப் பிடிக்கும். முழுவதும் பச்சென்று ஒட்டினால்தான் அது 430, நிக்கல் இல்லாதது, விலை குறைவு.

இன்னொரு சிக்கல் 201 ரகம். நிக்கலைக் குறைத்து மாங்கனீசு சேர்த்தது. இதுவும் காந்தம் பிடிக்காது, அதனால் வீட்டில் பிரித்துப் பார்க்க முடியாது. மழையில் கிடந்து பழுப்புப் புள்ளி விழுந்த வேலிக் குழாய் என்றால் 201 என்று யூகிக்கலாம். உறுதியாகச் சொல்லக் கடையில் உள்ள எக்ஸ்ரே துப்பாக்கி (உலோகத்தில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் கைக்கருவி) வேண்டும். துப்பாக்கி வைத்திருக்கும் பெரிய கடைக்கே ஸ்டெயின்லெஸ்ஸைக் கொண்டுபோங்கள்.

அலுமினியம் பற்றி இரண்டே வரி. குலை அறுக்கும் கம்பு, ஜன்னல் சட்டம் ஒரு குவியல். எஞ்சின் உடம்பு, தடித்த வார்ப்பு இன்னொன்று. பான டின், பால் தட்டு, வாளி மூன்றாவது. கம்பின் முனையில் அறுவாளைப் பிடிக்கும் இரும்புப் பூண் இருக்கும், கழற்றிவிடுங்கள். சில பால் வாளி அலுமினியமே அல்ல, துத்தநாகம் பூசிய இரும்பு. காந்தம் பார்த்துப் போடுங்கள்.

சிப்புட்_பையன்

பேட்டரியும் ட்ரம்மும் பாக்கி. ட்ரம்மில் பாதி ஏதோ தண்ணீர் ஆடுகிறது. மேலே ஒட்டிய தாள் கிழிந்திருக்கிறது. ஊற்றிவிட்டு ட்ரம்மை நசுக்கலாமா?

பழைய_கிராணி

ஊற்றாதே! கோபமில்லை, பயத்தில் சொல்கிறேன். தோட்டத்து ட்ரம் என்றால் களைக்கொல்லியாக இருக்கலாம். பாராகுவாட் 2020 ஜனவரி 1 முதல் இந்த நாட்டில் தடை, ஆனால் பழைய சரக்கு மூலையில் கிடக்கும். விழுங்கினால் மாற்று மருந்து கிடையாது, தோலிலும் படக்கூடாது. மூடியைத் திறக்காமல், நிழலில், பிள்ளைகள் நெருங்காத இடத்தில் வைத்துவிட்டு சுற்றுச்சூழல் துறை அலுவலகத்தில் கேளுங்கள். நஞ்சு பட்ட ட்ரம்கூட அரசின் அபாயக் கழிவுப் பட்டியலில் (ஷெட்யூல்ட் வேஸ்ட்) வருவதுதான், பழைய இரும்பு இல்லை.

பேட்டரியும் அதே பட்டியலில் எஸ்டபிள்யூ 102 என்ற எண்ணில் இருக்கிறது. உடைத்துக் காரீயத்தை எடுக்க நினைக்காதீர்கள், உள்ளே கந்தக அமிலம். காரீயத் தூசி கையில் ஒட்டிச் சாப்பாட்டோடு போனால் குழந்தைகளின் மூளைக்கு ஆகாது. நிமிர்த்தி வைத்து, முழுசாக, அனுமதி உள்ள இடத்தில் கொடுங்கள். பேட்டரிக் கடையே புதியது வாங்கும்போது பழையதை எடுத்துக்கொள்வது உண்டு.

பீடோர்_லோரி

நானும் சேர்த்துவிடுகிறேன். மூடிய உருளை எதையும் வெட்டாதீர்கள்: கேஸ் தோம்பு (அது கேஸ் கம்பெனியுடையது, விற்கவும் கூடாது), தீயணைப்பான், லோரியின் ஷாக் அப்சார்பர். கொட்டகை மண்ணைக் கிளறும்போது துருப்பிடித்த, ஒருபக்கம் கூம்பிய கனமான இரும்பு கிடைத்தால் கை வைக்காமல் 999. ஜப்பான்காரன் காலத்துக் குண்டு இன்னும் தோட்டங்களில் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது. சுங்கை சிப்புட் பக்கம் 1948 அவசரகாலம் (கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டை) தொடங்கிய இடம் வேறு.

கண்ணாடி_வளையல்

எடைக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். போன தடவை வீட்டில் 25 கிலோ காட்டிய பித்தளை கடையில் 22 ஆகிவிட்டது. கேட்டால் 'அழுக்குக்குப் பிடித்தது' என்றார்கள்.

பீடோர்_லோரி

அழுக்குக்குக் குறைப்பது வழக்கம்தான். ஆனால் அதை எடை போடும்போதே திருட்டுத்தனமாகக் குறைக்கக் கூடாது. முதலில் முழு எடையை எழுதி, பிறகு 'இவ்வளவு கழிக்கிறேன்' என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிரிக்காத பத்து கிலோ அரிசி மூட்டை ஒன்றை வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். தராசில் முதலில் அதை வைத்துக் காட்டச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. 1972-ஆம் ஆண்டின் எடை அளவைச் சட்டப்படி வியாபாரத் தராசைச் சரிபார்த்து முத்திரை வாங்கியிருக்க வேண்டும். ஒட்டுத்தாள் இருக்கிறதா என்று ஒரு கண் பாருங்கள்.

விலை உயர்ந்ததை முதலில் நிறுக்கச் சொல்லுங்கள். செம்பு, வெண்கலம், பித்தளை, பிறகு அலுமினியம், கடைசியில் இரும்பு. தலைகீழாகப் போனால், இரும்பைக் கொட்டிய களைப்பில் செம்புக்குப் பேரம் பேச உங்களுக்கே தெம்பு இருக்காது.

லூனாஸ்காரன்

நக்கல் அடித்தாலும் எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். 😅 என்னிடம் முதுகில் மாட்டும் புல்வெட்டும் மெஷின் இரண்டு செத்துக் கிடக்கின்றன. எஞ்சின் உடம்பு அலுமினியம் மாதிரி இருக்கிறது, ஆனால் அலுமினியத்தைவிட லேசு. கிரைண்டரில் பிளந்து போல்ட்டை எடுத்துவிடலாமா?

ஆயில்மில்_ஃபிட்டர்

கிரைண்டரைக் கீழே வையுங்கள் அண்ணே. அலுமினியத்தைவிட லேசு என்றால் மக்னீசியக் கலவையாக இருக்கலாம், புல்வெட்டி, மரம் அறுக்கும் ரம்பம் சிலவற்றின் உடம்பு அப்படி வரும். சுரண்டிய இடத்தில் ஒரு சொட்டுக் காடி (வினிகர்) விடுங்கள். உடனே பொங்கி நுரைத்தால் மக்னீசியம், அலுமினியம் சும்மா இருக்கும். அந்தத் தூள் பொறி பட்டால் கண்கூசும் வெள்ளை வெளிச்சத்தோடு எரியும். தண்ணீர் ஊற்றினால் இன்னும் மூர்க்கமாகும், உலர்ந்த மணலால்தான் மூட வேண்டும். ஸ்பேனரால் கழற்ற வருகிற போல்ட்டை மட்டும் எடுங்கள். பெட்ரோல் தொட்டியைக் காலி செய்துவிட்டு, 'இது மக்னீசியம்' என்று கடையில் சொல்லித் தனியாகக் கொடுங்கள். அலுமினியத்தோடு சேர்த்துப் போட்டால் அடுத்த முறை உங்கள் அலுமினியத்தையும் கிளறிப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.